விண்ணப்பிக்காதவர்களின் வரிசை



இந்த அறக்கட்டளையை வைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். இரண்டு நிபந்தனைகள் போட்டார். மேடையில் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. பேச வருகிறவர் கல்வியைப் பற்றிப் பொதுவாக நீட்டி முழக்காமல் இந்தத் திருவள்ளூர் வட்டாரத்தை வைத்துப் பேச வேண்டும். முதல் நிபந்தனையைக் காப்பது எளிது. இரண்டாவதற்கு என்னால் ஆனதைச் செய்கிறேன்.

பதிவேட்டில் இல்லாத கட்டம்

இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியர். ஜூன் மாதம் என்றால் மேசைமேல் சேர்க்கைப் பதிவேடு விரிந்தபடியே கிடக்கும். வரிசை எண், பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், சாதி, தாய்மொழி, முன்பு படித்த பள்ளி, டி.சி. எண் என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். வந்து சேர்ந்த பிள்ளையைப் பற்றி அந்தப் பதிவேடு எல்லாம் கேட்கும். வாசல்வரை வந்து திரும்பிப் போன பிள்ளைக்கு அதில் ஒரு கட்டமும் கிடையாது. வாசலுக்கே வராத பிள்ளையை அது அறியவே அறியாது.

வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “விசாரிச்சோம் சார், கெடைக்காதுன்ட்டாங்க.” யாரிடம் விசாரித்தார்கள், யார் சொன்னார்கள் என்பதற்கு மட்டும் பதில் வராது. டீக்கடையில் யாரோ, அலுவலக வாசலில் யாரோ, சில நேரம் பள்ளிக்கூடத்திலேயே யாரோ. இன்றைய பேச்சு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

14 இடங்களும் ஒரு வழக்கும்

சேர்க்கையைப் பற்றி இந்தியாவில் யார் பேசினாலும் சென்னையில்தான் தொடங்க வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் 14 இடத்துக்கு ஒரு கணக்கு வைத்திருந்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. 1950-இல் செண்பகம் துரைராஜன் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, 15(4) பிரிவு பிறந்தது. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாத ஒரு செய்தி அந்தத் தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்தாராம், தன் வகுப்பின் காரணமாகத் தனக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம், அதனால் விண்ணப்பம் போடவில்லை. உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு இதை ஆட்சேபிக்காததால் உச்ச நீதிமன்றமும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால், விண்ணப்பிக்காத ஒருவர் உரிமை போயிற்று என்று வழக்குக்கு வருவதைத் தாங்கள் ஏற்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஓர் எச்சரிக்கையையும் நீதிபதிகள் எழுதிவைத்தார்கள்.

விசாரித்தார், கிடைக்காது என்றார்கள். நம் ஊர்த் தாய் சொல்லும் அதே வாக்கியம். செண்பகம் படித்தவர், அவரிடம் வழக்கறிஞர் இருந்தார், நாட்டின் அரசியல் சட்டமே அசைந்தது. செங்கல் சூளையில் வேலை செய்யும் தாய் சொன்னால் பதிவேட்டின் ஒரு பக்கம்கூட அசைவதில்லை.

கடைசி வாசல்

நாம் அறுபது எழுபது ஆண்டுகளாகச் சண்டை போட்டதெல்லாம் கல்லூரிச் சேர்க்கை என்ற கடைசி வாசலில். தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது டெல்லி மட்டும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். 1984-இல் அதைத் தொடங்கியது நம் மாநிலமேதான். நகரத்துப் பயிற்சி மையங்கள் செழித்தன. கிராமத்துப் பிள்ளை பின்தங்கினான். 2006-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தோம். ஒழித்தபின் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்த பள்ளிகளும் அதே காலத்தில்தான் பெருகின. 2017 முதல் நீட். அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி அரியலூர் மாவட்டத்து அனிதாவை இழந்தோம். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த பெண் அவர். 2021-இல் நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு அறிக்கை தந்தது. சட்டமன்றம் விலக்கு மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022-இல் மீண்டும் நிறைவேற்றினோம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் 2020-இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அதற்கு முந்தைய நீட் ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒதுக்கீடு வந்த முதலாண்டே மருத்துவமும் பல் மருத்துவமுமாக 400 இடங்களுக்கு மேல் அவர்களுக்கென்று ஆயின. பிள்ளைகளின் மூளை ஓராண்டில் மாறிவிடவில்லை. எங்கிருந்து வருகிறாய் என்று சேர்க்கை விதி கேட்டது, அவ்வளவுதான் நடந்தது.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 100 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போனால் 85. அதில் 7.5 விழுக்காடு போட்டுப் பாருங்கள், ஆறு இடம் சொச்சம். அந்த ஆறு பேருக்காக நான் மகிழ்கிறேன். ஆனால் விதியைக் கூர்ந்து படியுங்கள்: 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் பீகாரிலிருந்து வந்து சிப்காட் பக்கத்து அறையில் குடியிருந்து, தமிழ் கற்று, நம் அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு ஒரே ஓராண்டால் கதவு அடைபடும். உதவிபெறும் பள்ளியில் படித்த மீனவர் மகளுக்கும் அப்படியே. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்ட விதி, இவர்களைக் கேட்க மறந்துவிட்டது.

சூளையின் சேர்க்கை

கடைசி வாசலை விட்டு, பள்ளி என்ற முதல் வாசலுக்கு வருவோம். திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பக்கம் குளிர்காலத்தில் போனால் செங்கல் சூளைகள் வரிசையாகப் புகைவதைப் பார்ப்பீர்கள். கல் அறுப்பவர்களில் பெரும்பகுதி ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டத்துக்காரர்கள். அறுவடைத் திருவிழா முடிந்ததும் அவர்கள் ஊரில் முன்பணம் கொடுக்கப்படும். கணவன், மனைவி, கைக்கு உதவியாக ஒரு பிள்ளை என்று மூவரைச் சேர்த்து ஒரு கணக்காக வைத்துத்தான் அந்த முன்பணம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஈரக்கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைக்கச் சின்னக் கையும் லேசான உடம்பும் தோதானவை. நம் பள்ளி அந்தப் பிள்ளையைத் தேடிப் போகும் முன்பே சூளை அவனைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. டி.சி. கேட்காமல் சேர்த்துக்கொண்டது.

டிசம்பர் வாக்கில் வருவார்கள். மழைக்கு முன் ஜூனில் திரும்புவார்கள். நம் கல்வியாண்டு ஏப்ரலில் முடியும். நடுவருடத்தில் இங்கே வந்து, வருடம் தொடங்கும்போது அங்கே போகும் பிள்ளை இரண்டு மாநிலத்துப் பதிவேட்டிலும் பாதி ஆள். அங்கே நீண்ட நாள் வராதவன் என்று பெயர் இருக்கும். இங்கே பெயரே இருக்காது.

சட்டத்தில் குறையில்லை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உள்ளாட்சி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. முடிந்தவரை தாய்மொழியில் சொல்லித்தர வேண்டும் என்கிறது 29-ஆம் பிரிவு.

இந்த மாவட்டத்தில் நல்ல முயற்சிகளும் நடந்தன. சூளைக்குப் பக்கத்திலேயே ஒடியாப் பாடநூலோடும், ஒடியா தெரிந்த ஆசிரியரோடும் பணியிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. இரண்டு மாநிலம் கைகோத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவை திட்டமாக வந்தவை. திட்டத்துக்கு நிதி நின்றால் பள்ளியும் நிற்கும். நிதி நிற்பது எப்படி இருக்கும் என்பதை 2025-இல் நாடே பார்த்தது. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா நிதியில் ரூ. 2,152 கோடி அளவுக்கு வரவில்லை என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஒன்றியமும் மாநிலமும் கொள்கைக்காக மோதின. அந்த இழுபறியில், தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காட்டுச் சேர்க்கை பள்ளி திறக்கும் நேரத்தில் தொடங்காமலே நின்றது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் கருத்து உண்டு. யானைகள் சண்டையில் மிதிபடும் புல்லுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

முகாமின் பேரப்பிள்ளைகள்

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2021 முதல் அதற்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர். பெயின்ட் அடிக்கப் போகும் தந்தைமாரும், தெருக் குழாயடியில் இலங்கைத் தமிழும் கும்மிடிப்பூண்டித் தமிழும் கலந்து பேசும் தாய்மாரும் உள்ள இடம்.

சேர்க்கை விதி ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதற்கு அந்த மக்களின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. 1971-இல் இலங்கையில் மருத்துவப் படிப்பில் சேரச் சிங்களத்தில் தேர்வெழுதியவருக்கு 400-க்கு 229 போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். தரப்படுத்தல் என்று பெயர். 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மனம் கசந்தது அங்கேதான். பிறகு நடந்தவற்றுக்கு அது ஒரு தொடக்கப் புள்ளி.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மொழியை வைத்துக் கூட்டிக் குறைத்த முறை பின்னர் போனது. மாவட்ட ஒதுக்கீடு நீடித்தது. இன்று அங்கே 40 விழுக்காடு வரை தீவு முழுவதற்குமான தகுதி வரிசை. 55 விழுக்காடு வரை மாவட்ட வாரியாக. 5 விழுக்காடு வரை பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்துக்குக் கசந்த மாவட்டக் கணக்கு முல்லைத்தீவு, மன்னார்த் தமிழ்ப் பிள்ளைக்கு ஏணியானது. ஆக, ஒதுக்கீடு என்பதே நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எதை அளவுகோலாக வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேசும் மொழிக்காக ஒருவனுக்கு வாசலை உயர்த்தினால் அது தண்டனை. படித்த பள்ளியின் நிலைமை பார்த்து வாசலைத் தாழ்த்தினால் அது நீதி.

அன்று கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே பிறந்து இங்கேயே பிளஸ் டூ முடிக்கிறார்கள். பள்ளியில் அவர்களுக்குத் தடை இல்லை. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்வியில் இடம் ஒதுக்கினார்கள்; 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் சலுகைகள் நிறுத்தப்பட்டன; அடுத்து வந்த ஆட்சிகளில் ஒவ்வொன்றாகத் திரும்பின. 2021-இல் அறிவிக்கப்பட்ட ரூ. 317 கோடித் திட்டத்தில் பொறியியல் படிப்போருக்குக் கட்டண உதவியும் உண்டு. ஆனாலும் மருத்துவம் என்றால் ‘இந்தியக் குடிமகன்’ என்ற ஒரு வரி குறுக்கே நிற்கிறது. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பின் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுங்கள் என்று 2022-இல் மதுரை அமர்வு சொன்னது. இரண்டாண்டு தள்ளிப் பிறந்த தங்கை என்ன செய்வாள்? தாத்தாவை மொழி கேட்டுத் திருப்பிய வாசல், பேத்தியைக் குடியுரிமை கேட்டுத் திருப்புகிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஆவணமில்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கப் பார்த்தது. 1982-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்காதே என்று தடுத்தது. நம் முகாம் பிள்ளை அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டான். அவனுக்குத் தடையாக இருப்பது அதற்கடுத்த படி.

அப்பாவின் சான்று

மூன்றாவது பிள்ளை இந்த மண்ணுக்கு நம் எல்லாரையும்விட மூத்தவன். இருளர் குடியிருப்புப் பிள்ளை. அவனுக்கு ஒடியாவும் இல்லை, குடியுரிமைச் சிக்கலும் இல்லை. அவனிடம் கேட்பது பழங்குடிச் சான்று. அது தாசில்தாரிடம் முடியாது, ஆர்.டி.ஓ. விசாரித்துத் தர வேண்டும். அங்கே முதலில் வரும் கேள்வி: “அப்பாவுக்குச் சான்று இருக்கா?” அப்பா பள்ளிக்கூடமே போகவில்லை. நெல் அரவை ஆலையிலும் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர் எந்தச் சான்றுக்கு அலைந்திருப்பார்? தந்தை படிக்காததற்கு மகனுக்குக் கொடுக்கும் சலுகையைப் பெற, தந்தை படித்திருக்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண், சான்று வரும்வரை பதினொன்றில் சேரக் காத்திருந்தாள். சான்று இல்லாமலே சேர்த்துக்கொள்கிறேன், பிறகு வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் வருவதற்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள். அவளுடைய சேர்க்கையை நான் மறுக்கவில்லை. எந்த அலுவலகமும் எழுத்தில் மறுக்கவில்லை. மறுத்ததாக ஒரு தாளும் எங்கும் இல்லை. அவள் விண்ணப்பிக்கவில்லை என்றுதான் கணக்கு.

14 வயதில் இரண்டு சட்டம்

கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில் தொடங்கி 14-இல் முடிகிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் 14 வயது முடியாதவரை ஆலைக்குள் விடாதே என்றது. அதாவது ஒரு சட்டம் கையை விடும் இடத்தில் இன்னொரு சட்டம் கையை எடுத்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 18 வயதுவரை எல்லாருக்கும் பள்ளி என்று பேசுகிறது. சட்டம் இன்னும் 14-இல்தான் நிற்கிறது.

ஆலை வாசலைப் பாருங்கள். ஆதார் நகல் ஒன்று, வங்கிப் புத்தக நகல் ஒன்று, போட்டோ இரண்டு. காலையில் காண்ட்ராக்டரிடம் கொடுத்தால் மதிய ஷிப்டுக்கு ஆள் உள்ளே. பையனுக்குப் 18 ஆகிவிட்டதா என்பதொன்றே அங்கே கேள்வி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் அந்த நான்கு வருடத்தை எப்படியோ கழித்துவிட்டு உருக்காலைப் பக்கம் போய் நிற்கிறான். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போயிருந்தால் பிட்டராக, வெல்டராக அதே ஆலையில் நிரந்தர வேலைக்கு முயன்றிருப்பான். இப்போது அவன் ஒப்பந்தக் கூலி. இந்தத் தொழில் வட்டாரத்துக்குப் படித்த கையும் வேண்டும், படிக்காத கையும் வேண்டும். யார் எது என்பது நம் பள்ளி வாசலில் முடிவாகிறது.

என்ன செய்யலாம்

என் யோசனைகள் ஐந்து.

ஒன்று, சேர்க்கைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் ‘வந்து திரும்பியவர்’ என்று ஒரு பட்டியல் எழுதுவோம். பெயர், காரணம், தேதி. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தரவுத்தளத்தில் பெயர் நீங்கி ‘காமன் பூலில்’ கிடக்கும் பிள்ளையைத் தேடுகிறோம் அல்லவா, உள்ளேயே வராத பிள்ளையையும் அப்படித் தேடுவோம். ஆண்டு முடிவில் மாவட்டம் அந்தப் பட்டியலை வெளியிடட்டும்.

இரண்டு, சான்று வாங்கும் பாரத்தைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கி அலுவலகத்தின் மேசைமேல் வைப்போம். போலிச் சான்று பெருகும் என்பார்கள். போலி உண்டு, 1994-இலேயே உச்ச நீதிமன்றம் அதற்காக ஆய்வுக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. ஆய்வு நடக்கட்டும், பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது நடக்கட்டும்.

மூன்று, 7.5 விழுக்காட்டு விதியின் ஏழு ஆண்டு நிபந்தனையைத் தளர்த்தி, புலம்பெயர்ந்து வந்த பிள்ளைக்கு ஒரு வழி செய்யலாம்.

நான்கு, தமிழ்நாட்டில் முழுப் பள்ளிப்படிப்பையும் முடித்த முகாம் பிள்ளையை, சேர்க்கையைப் பொறுத்தவரையாவது, இந்த மண்ணின் பிள்ளையாகக் கருதும்படி ஒன்றிய அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்து, கல்வி உரிமையின் வயதை 18-க்கு நீட்ட வேண்டும்.

வெளியூர்ப் பிள்ளைகளால் உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தப்பில்லை. மருத்துவக் கல்லூரியில் இடம் குறைவு; அங்கே ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும். தொடக்கப் பள்ளியில் அந்தக் கணக்குச் செல்லாது. பிள்ளை குறைந்து போன பள்ளிகளில் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. கடைசி வாசலின் பஞ்சத்தை முதல் வாசலுக்குக் கொண்டுவந்து நாமே பயந்துகொள்கிறோம்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. முதல் நாள் ஆந்திரத்துப் பிள்ளையாகத் தூங்கிய குழந்தை, மறுநாள் நம் பிள்ளையாக எழுந்தது. எந்த டி.சி.யும் கேட்கவில்லை, எல்லைக்கோடே அதைத் தேடி வந்தது. பெரியவர்கள் மனம் வைத்தபோது கோடு நகர்ந்திருக்கிறது. இன்று பிள்ளைகள் கோட்டைத் தாண்டி நம்மிடம் வந்திருக்கிறார்கள்.

விண்ணப்பிக்காதவர் வழக்குக்கு வரலாமா என்று 1951-இல் நீதிபதிகள் தயங்கினார்கள். நீதிமன்றத்துக்கு அந்தத் தயக்கம் பொருந்தும். அங்கே வழக்காடி வர வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை எந்த வழக்கும் ஆட மாட்டான். வரும் ஜூனில் உங்கள் பள்ளிப் பதிவேட்டில் கடைசிப் பெயரை எழுதி முடித்ததும் மூடிவிடாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்பி, உங்கள் ஊரில் யார் வரவில்லை என்று எழுதத் தொடங்குங்கள். என் பக்கத்தில் முதலில் வர வேண்டிய பெயர், பதினொன்றில் சேராமல் போன அந்தப் பெண்ணுடையது. நான் பணியில் இருந்தபோது அதை எழுதவில்லை.